வீட்டுல யாருக்கும் சீக்கு இல்ல

...அதுல இல்ல அண்ணே, அதுல இல்ல. அது கொரங்கு குடிக்கிற வாளி. நமக்கு அந்தா, கேட்டுக்கு வெளிய தொங்குது பாருங்க, அந்தத் தகரக் கொவளை. ரெண்டும் கலந்துச்சுன்னா தொரை குதிப்பாரு. நம்ம வாயி பட்டது எதுவும் அதுங்களுக்குப் போவக்கூடாதாம். அதுங்க வாயி பட்டது நமக்கு வரலாமான்னு நான் ஒரு நாளு கேட்டேன். வரக்கூடாதுதான், வந்தா சொல்லுன்னாரு. நமக்கு இருக்குற மருவாதி அவ்வளவுதான்.

உக்காருங்க. அந்தப் பெட்டி மேல உக்காருங்க, காலிப் பெட்டிதான். தொரை பத்து மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள பாரத்துல பேரு எழுதணும், கேள்விக்குப் பதிலு எழுதணும், கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறந்தான் கேட்டுக்கு உள்ள காலு வைக்கலாம். மெர்டேக்கா கெடச்சு எட்டு மாசம் ஆச்சு, ஊரு பூராவும் சுதந்திரம்ங்கறாங்க, இந்தக் கேட்டு வரைக்கும் இன்னும் வந்து சேரல.

அப்பாசாமின்னு ஆபீஸ்ல சொன்னாங்க. சரிதானே? புக்கிட் ரம்பாய்லேருந்து சைக்கிள்ளயேவா? ம்ம். நான் பொன்னுதுரை, இங்க மண்டோரு, மேஸ்திரி மாதிரி. மண்டோருன்னதும் பெருசா நெனச்சிக்காதீங்க. எனக்குக் கீழ இருந்தது ஒரே ஒரு ஆளு, அவரும் போயிட்டாரு. அந்த எடத்துக்குத்தான் இப்ப நீங்க வந்துருக்கீங்க.

ஒண்ணு சொன்னாக் கோவிச்சிக்கக் கூடாது. வயசுல என்னைவிட மூத்தவரு, அதான் அண்ணேன்னு கூப்புடுறேன். ஆனா மொத நாளு வேலைக்கு வர்ற மனுசன் மூஞ்சிய வழிச்சிக்கிட்டு வரக்கூடாதா? நாலஞ்சு நாளுத் தாடி இருக்கும்போல. சட்டையும் தண்ணியக் கண்டு நாளாச்சு. கொரங்குதானே, அதுக்கு என்னா தெரியப்போவுதுன்னு நெனச்சிருப்பீங்க. கொரங்குக்குத் தெரியாது, தொரைக்குத் தெரியும். அவரு மொதல்ல நம்ம நகத்தப் பாப்பாரு, அப்பறம் காலரப் பாப்பாரு, அதுக்கெல்லாம் அப்பறந்தான் குட் மார்னிங்.

இந்தாங்க, கோரேங் பீசாங், பொரிச்ச வாழப்பழம். முக்குக் கடையில இப்பதான் எடுத்தாந்தேன், சூடு ஆறல. எடுத்துக்குங்க. ...வேணாமா? பசியாறிட்டீங்களா? இல்லன்னுதானே அப்பத் தலைய ஆட்டுனீங்க. எண்ணெயில பொரிச்சது ஒத்துக்காதோ? சரி, சரி, நான் வற்புறுத்த மாட்டேன். மருதமுத்து இருந்தா, அதான் ஒங்களுக்கு முன்ன இருந்தவரு, இந்நேரம் பொட்டலமே காலியாயிருக்கும். காயிதத்துல ஒட்டுனதையும் சொரண்டித் தின்னுட்டு, மாவு இன்னிக்கு ஒரு மாதிரின்னு கொறையும் சொல்லுவாரு.

நம்ம பசியாறல் இது. அதுங்களுக்குப் பாத்தீங்களா? காலையில அவிச்ச முட்ட, ஆளுக்குப் பாதி. ஆளுக்குன்னு நான் சொல்லிச் சொல்லியே பழகிப்போச்சு. பால்மாவு கரைச்சது, வேர்க்கடலை, பாசார்லேருந்து வாழப்பழம், அதுவும் கருப்பு விழுந்த பழம் ஆவாது. என் வீட்டுல முட்டையப் பாத்தா எம் மக சந்திரமதி, இன்னிக்கு யாருக்குப் பொறந்த நாளுன்னு கேக்குறா. இங்க நாப்பத்திரெண்டு பேருக்கும் தெனம் பொறந்த நாளு.

எதுக்கு இந்த ராஜ உபசாரம்னு கேக்குறீங்களா? கேக்கல. சரி, கேக்காட்டியும் சொல்லணும், வேல பாக்கப்போற ஆளு. இந்த எளம்பிள்ள வாதம் இருக்குல்ல, நல்லா ஓடியாடுற புள்ள காய்ச்சல்னு படுக்கும், எந்திரிச்சுப் பாத்தாக் காலு ஒண்ணு தொவண்டு கெடக்கும். அதுக்கு ஊசி மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாம். ஆனா அந்த மருந்த அந்தச் சீக்கோட கிருமியக் கொன்னுதான் செய்றாங்களாம். கிருமி முழுசாச் செத்துச்சா, ஒண்ணு ரெண்டு உசுரோட ஒளிஞ்சிக்கிட்டு இருக்கான்னு யாரு பாக்குறது? அதுக்குத்தான் இதுங்க. ஒவ்வொரு தடவ மருந்து செஞ்சி எறக்கும்போதும் மொதல்ல கொரங்குக்குப் போடுவாங்க. போட்டுட்டுக் காலையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. காலு நின்னா மருந்து புள்ளைங்களுக்குப் போவும். காலு விழுந்தா மருந்தக் கீழ ஊத்திருவாங்க.

மருந்தக் கீழ ஊத்துவீங்க, கொரங்க என்னா செய்வீங்கன்னு கேட்டேன். காலு விழுந்தாலும் விழலன்னாலும் கடைசியில அறுத்துத்தான் பாப்பாங்களாம், முதுகுத்தண்டுக்குள்ள ஏதாச்சும் கெட்டுருக்கான்னு. அப்ப மருந்து நல்லதா இருந்தாலும் கெட்டதா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதானேன்னேன். ஆமா, ஒண்ணுதான்னாரு. பொய் சொல்ல மாட்டாரு தொரை, அது ஒண்ணு இருக்கு அவருகிட்ட.

அதனால இங்க நம்ம வேல என்னான்னா, அதுங்கள ஒரு தும்மல் கூட இல்லாம வச்சிருந்து லோரியில ஏத்தணும். லோரி சிங்கப்பூருக்கு, அங்கேருந்து ப்ளேன். இங்கேருந்து நல்லபடியாப் போயி, அங்கதான் கெடணும். இங்கயே சீக்கு வந்துச்சுன்னா, அங்க காலு விழும்போது அது மருந்தாலயா நம்மளாலயான்னு எப்படித் தெரியும்? அப்ப நல்ல மருந்தக் கீழ ஊத்துவாங்க, இல்ல கெட்ட மருந்தப் புள்ளைக்குப் போடுவாங்க.

மருதமுத்து மகளுக்கு அந்த வாதந்தான். விஜயான்னு ஏழு வயசுப் புள்ள. எடது காலுல இரும்புச் சட்டம் போட்டுக்கிட்டு நடக்கும். செமாபோக்ல அவங்க வீட்டுக்குப் போனா, ஆளு தெரியறதுக்கு முன்ன அந்தச் சட்டத்தோட சத்தம் வரும். அதுக்கு இனிமே எந்த ஊசியும் ஒதவாதுன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும் லோரியில ஏத்தும்போது நான் ஒவ்வொண்ணாப் பல்லப் பாத்து எழுதுவேன், அவரு ஒவ்வொண்ணாக் காலப் பாப்பாரு. அமுக்கிப் பாப்பாரு, நீட்டிப் பாப்பாரு. காலு பாரத்துலயே இல்லய்யா, பல்லுக்குத்தான் கட்டம் போட்டுருக்குன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். பல்லா விழப்போவுதுன்னு கேப்பாரு.

இருங்க, கேட்டுப் பக்கம் போவாதீங்க, இன்னும் எழுதல. அந்தக் கம்பியப் புடிக்காதீங்க. சும்மா நிக்கத் தெரியாதா ஒங்களுக்கு? பெட்டியிலதான் உக்காருங்களேன்.

அவரு ஏன் போனாருன்னு கேக்குறீங்க. கேக்கலைன்னாலும் நெனப்பீங்க. போன தடவ அறுபத்து நாலு வந்துச்சு. எல்லாம் நல்ல கெரா சாதி, நீட்டு வாலு. இந்தத் தென்னமரம் ஏறுற பெருக்குக் கொரங்கு தொரைக்கு ஆவாது. பத்து நாளு நல்லாத்தான் இருந்துச்சுங்க. அப்பறம் ஒண்ணுக்கு மூக்கு ஒழுவுது. பனின்னு நெனச்சேன். மறுநாளு நாலுக்கு. கண்ணு செவந்து, பீளை கட்டி, வெளிச்சத்தப் பாக்க முடியாமத் திரும்பி உக்காந்துக்கிச்சுங்க. அப்பறம் மொகத்துல, வயித்துல, பொடிப் பொடியா. முட்ட அப்படியே கெடக்கு. காதுல பாதி இல்லாத ஒண்ணு இருந்துச்சு, நான் போனா கம்பி வழியாக் கைய விட்டு என் வெரலப் புடிச்சிக்கும். அது கூடப் புடிக்கல.

தொரை வந்து பாத்தாரு. ஒவ்வொரு கூண்டாப் பாத்தாரு. தொப்பியக் கழட்டிட்டு, இது காட்டுல இருக்குற சீக்கு இல்ல, மனுசங்கிட்டேருந்து வந்ததுன்னாரு. அறுபத்து நாலும் வேணாம்னாரு. தும்முனது, தும்மாதது எல்லாம். ஊசி அவரே போட்டாரு. குழி நானும் மருதமுத்துவும் வெட்டுனோம், அந்தா, அந்த நங்கா, பலா மரத்துக்குப் பின்னால. ரெண்டு நாளு ஆச்சு. வாங்கிப் போட்டு மூடுய்யான்னா மூட மாட்டேங்கறாரு மருதமுத்து. ஒவ்வொண்ணாக் காலு நீட்டி வைக்கிறாரு. மடங்கி இருக்கக்கூடாதாம். அறுபத்து நாலுக்கும் ரெண்டு ரெண்டு காலு, மழை வேற. எனக்கு வந்த கோவத்துக்கு மம்புட்டியப் போட்டுட்டுப் போயிரலாமான்னு இருந்துச்சு.

அப்பறம் வெசாரணை. தொரை பாரத்தையெல்லாம் கொண்டாந்து மேசையில பரப்புனாரு. தெனம் காலையில நம்ம எழுதுற பாரம், இந்தா இதேதான். மூணு கேள்வி. ஒனக்குக் காய்ச்சலா, ஒனக்கு இருமலா, ஒன் வீட்டுல யாருக்காச்சும் சீக்கா. ஒரு வருசத்து பாரம் எல்லாம் புரட்டுனாரு. எல்லாத்துலயும் நான் இல்ல, இல்ல, இல்லன்னு எழுதியிருக்கேன். எங்கையெழுத்து நல்லா இருக்கும், ஆறாம் வகுப்பு. மருதமுத்துவும் இல்ல, இல்லதான். ஒரே ஒரு நாளு மட்டும் அந்தாளு கோணக்கோணயா எழுதி வச்சிருக்காரு, வீட்டுல சின்னப் புள்ளைக்கு மூக்கு ஒழுவுதுன்னு. யாரு எழுதச் சொன்னா? மூக்கு ஒழுவாத புள்ள ஒண்ணு இருக்கா இந்த மலாக்காவுல? தொரை அந்தக் காயிதத்த மட்டும் தனியா எடுத்து வச்சாரு. ஒரு வருசத்துல உள்ளத எழுதுன மனுசன் ஒருத்தன், மாட்டுனவனும் அவந்தான்.

எங்கிட்டயும் கேட்டாரு. எங்கேருந்து வந்துருக்கும், ஒனக்கு ஏதாச்சும் தெரியுமான்னு. எனக்கு என்னா தெரியும் தொரை, கொரங்கப் புடிச்சிக்கிட்டு வர்றது அவரு, கம்பம் கம்பமா, ஊரு ஊராப் போறது அவருன்னு சொன்னேன். அது நெசம்தானே. பொய் ஒண்ணும் இல்லியே அதுல. இல்ல, நீங்க என்னா அப்படிப் பாக்குறீங்க?

மருதமுத்து என்னய ஒரு தடவ பாத்தாரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப பாசார்ல மூட்ட தூக்குறாருன்னு சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் போறதில்ல. வாழப்பழம் வாங்கக் கூட இப்பல்லாம் வேற வழியாச் சுத்திக்கிட்டுப் போறேன், அதுல அர மணி நேரம் வீணாப் போவுது எனக்கு.

யாரச் சொல்லியும் குத்தமில்ல அண்ணே, கேட்ட கேள்விதான் தப்பு. லோரி சொன்ன நாளைக்கு வந்துருந்தா, கொரங்கு ஆறு நாளு முந்தியே போயிருக்கும். அதக் கேக்க ஆளு இல்ல. ப்ளேன்ல எடம் இல்லைன்னு தந்தியடிச்சாங்க, அதக் கேக்க ஆளு இல்ல. வீட்டுல யாருக்காச்சும் சீக்கான்னு தெனம் கேப்பீங்க. சீக்கு வந்தாத்தானே சீக்குன்னு எழுத? எங்க வீட்டுல வந்தது சீக்கா? நீங்களே சொல்லுங்க. நீங்களும் மாரியம்மனக் கும்புடுறவருதானே.

எம் மகளுக்கு மேலு சுட்டுச்சு. ருக்மணி, அதான் எம் பொண்டாட்டி, காதுக்குப் பின்னால பாத்தா. பாத்துட்டு என்னய ஒரு பார்வ பாத்தா. மொளகாய்த் தூள் டப்பாவயும் எண்ணெய்ச் சட்டியவும் எடுத்துக் கொல்லப்பக்கம் வச்சுட்டு, வேப்பிலை ஒடிச்சாந்து வாசல்ல சொருவுனா. அவ்வளவுதான், எனக்குப் புரிஞ்சிருச்சு. ஆத்தா வந்துட்டா. மணல்வாரி. வந்தவளக் குளுர வச்சு, கூழு ஊத்தி, நல்லபடியா அனுப்பி வைக்கணும். அவளப் போயி சீக்குன்னு எழுதுறதா? அதுவும் மை தொட்டு, கையெழுத்துப் போட்டு?

வெளிய சொல்றதும் இல்லியே நம்ம. எங்க வீட்டுக்கு அடுத்தாப்புல செட்டிக் கம்பம். அவங்களுக்குத் தமிழே வராது, மலாய்தான் பேசுவாங்க, ஆனா ஆத்தாவுக்கு டத்தோ சாச்சார்னு பேரு வச்சு வருசம் தவறாமக் கும்புடுவாங்க. அந்தக் கம்பத்து அக்கா ஒண்ணு தெனம் வாசல்ல நின்னு வம்பு பேசிட்டுத்தான் போவும். வேப்பிலையப் பாத்துச்சு, நின்ன எடத்துலயே கும்புட்டுச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கமாப் போயிருச்சு. என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. மருதமுத்துவும் அப்படித்தான். ஏதோ சாவி வாங்க வந்தவரு, வாசலப் பாத்துட்டு சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு.

ஆமா. அவருக்குத் தெரியும். தொரை கேட்டப்ப அவருக்குத் தெரியும். இன்னொருத்தர் வீட்டுக்கு ஆத்தா வந்தத எடுத்து வெளிய சொல்லக்கூடாதுன்னு சும்மா இருந்தாரு. என் வீடுங்கறதால சும்மா இருந்தாரு. நான் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறேன் அவரப் பாத்து, அவரு சும்மா இருக்காரு.

கொரங்குக்குப் போவும்னு நான் கண்டேனா? அந்தப் பதினோரு நாளும் சந்திரமதி எங்களுக்கு மக இல்ல, ஆத்தா. அவ கேட்டதெல்லாம் குடுத்தோம். பழம்னு கேப்பா, ஒரு கடி கடிச்சிட்டு வச்சிருவா, தொண்ட எறங்காது. தட்டு நெறைய அர அர வாழப்பழம். ஆத்தா வாயி வச்சதக் குப்பையில போட முடியுமா? மிதிபடுற எடத்துல போட முடியுமா? வாயில்லாத சீவனுக்குப் போட்டாப் புண்ணியம்னு ருக்மணிதான் சொன்னா. இல்ல, அவ சொல்லல. நானாத்தான் நெனச்சேன். இதுங்க கண்ணு காணாத தேசத்துக்குப் போவுதுங்க, போயி அறுபடப்போவுதுங்க, ஆத்தா பிரசாதமா ஒரு வாயி தின்னுட்டுப் போவட்டும்னு நெனச்சேன். அவ படுத்திருந்த வேப்பிலையவும் கொண்டாந்து கூண்டு கூண்டாச் சொருவி வச்சேன். காவலுக்கு. கெட்டது அண்டக்கூடாதுன்னு. ஒரு நாளு இல்ல, நாலு நாளு.

மருதமுத்து ஒரு கடிச்ச பழத்தக் கூண்டுக்குள்ளேருந்து எடுத்தாந்து இது என்னாய்யான்னு கேட்டாரு. பசிச்சுச்சு, நான்தான் கடிச்சேன்னு சொல்லிட்டேன். சின்னப் பல்லு, அதுல முன்பல்லு ஒண்ணு வேற விழுந்த தடம். அவரு அதப் பாத்தாரு, என் வாயப் பாத்தாரு, தூக்கி வேலிக்கு அந்தாண்ட எறிஞ்சாரு. மிதிபட்டுருமேன்னு எனக்குப் பயம்.

இதுல தொரையோட கூத்து வேற. வீட்டுல ஆத்தா இருக்கா, நான் எப்படி மூஞ்சி வழிக்கிறது? ஏன் தாடின்னு கேட்டாரு. பிளேடு தீந்துபோச்சுன்னேன். மறுநாளே ஒரு பாக்கெட்டு பிளேடு கொண்டாந்து கையில குடுக்குறாரு. நல்ல மனுசன். அது இன்னும் பிரிக்காம வீட்டுல கெடக்கு. சட்ட ஏன் நாறுதுன்னு கேட்டாரு, கெணத்துல தண்ணி இல்லன்னேன். ருக்மணி துணி தொவைக்கல, அடுப்புல எண்ணெய்ச் சட்டி ஏறல, தாளிக்கல, மீனு ஆக்கல, முக்குக் கடப் பலகாரம் கூட வாயில வைக்கல நான், பதினோரு நாளு, மூஞ்சி வழிக்கல, துணி...

...அண்ணே.

அந்தக் கோரேங் பீசாங்க ஏன் வேணாம்னீங்க?

இல்ல, சும்மா கேக்குறேன். பசியாறலன்னீங்க. இருவது மைலு சைக்கிள் மிதிச்சு வந்த மாதிரி மூச்சு வாங்குது, சூடா நீட்டுனேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. அப்பலேருந்து ஒரு கைய சட்டைப் பையிலேருந்து எடுக்கவே இல்ல. என்னா இருக்கு அதுல? எடுங்க. எங்கிட்டக் காட்டலாம்.

...தாயே. வேப்பிலை.

கும்புட்டுக்கறேன். இருங்க, அங்கயே நில்லுங்க. எத்தன நாளு ஆச்சு? நாலா. யாருக்கு? ...சின்னவ. என்னா வயசு? ...எம் மக வயசுதான். எறங்கிருச்சா, இன்னும் மேலதான் இருக்கா? கண்ணு தொறக்குறாளா? நல்லா ஆயிருவா அண்ணே. எம் மகளும் அப்படித்தான் கெடந்தா, இப்ப மரத்துலேருந்து எறங்க மாட்டேங்குறா. எளநி குடுங்க. வெயில் படாமப் பாத்துக்குங்க.

இல்ல, நீங்க என்னாத்துக்கு அழுவுறீங்க? வேல வேணும், வந்தீங்க. சொல்லக்கூடாது, சொல்லல. நானும்தான் சொல்லல. நான் ஒங்கள ஒண்ணும் சொல்லலியே. ஆனா அந்தப் பேனாவக் கீழ வைங்க. கேட்டத் தொடாதீங்க. அந்தக் கொவளையவும் தொடாதீங்க, நான் தூக்கிப் போட்டுர்றேன். நாப்பத்திரெண்டு இருக்கு உள்ள. இதுவும் கெட்டா எடத்தப் பூட்டிருவேன்னு தொரை சொல்லிட்டாரு. அப்பறம் எந்த ஊருலயோ எந்தப் புள்ளைக்கோ போவ வேண்டிய மருந்து நிக்கும், இல்ல கொரங்குக்குப் போட்டுப் பாக்காமலே போட்டுருவாங்க.

இப்ப இந்த பாரத்துல நான் என்னா எழுத? நேரா ஒரு வழி இருக்கு. ஒங்களுக்கு ஒடம்பு முடியல, நாளைக்கு வருவாருன்னு சொல்லிட்டா ஆச்சு. இல்ல, ஆவாது. நாளைக்கும் நீங்க வரக்கூடாது, மூணு தண்ணி ஊத்தி முடியிற வரைக்கும் வரக்கூடாது. ஏன்னு கேப்பாரு. வீட்டுல புள்ளைக்கு அம்மன்னு சொல்லணும். அது கொரங்குக்குத் தொத்தும்னு ஒனக்கு எப்படித் தெரியும் பொன்னுதுரைன்னு கேப்பாரு. அதக் கேப்பாரு, நல்லாப் படிச்ச மனுசன். அதுக்குப் பதிலு ஒண்ணுதான் இருக்கு, ரெண்டு மாசமா அது எங்கிட்டயேதான் இருக்கு.

ஒங்களக் கேட்டுக்குள்ள விட்டாலும் ஒரு வழிதான். ரெண்டு பேரும் இல்ல, இல்ல, இல்லன்னு எழுதிட்டு உள்ள போவலாம். எங்கையெழுத்து நல்லா இருக்கும். பத்து நாளு கழிச்சுக் குழி வெட்டலாம். ஒங்களுக்குக் காலு நீட்டி வைக்கத் தெரியுமா?

ஆத்தாவச் சீக்குன்னு எழுதுனாக் குத்தம் வரும்னுதான் பயந்தேன். இப்ப யோசிச்சா, அவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துருப்பா. பழம் போட்டதப் பாத்தா. அதுங்க கண்ணத் தொறக்க முடியாம உக்காந்துருந்ததப் பாத்தா. நான் மருதமுத்துவக் கை காட்டுனதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தா. ஒரு எழுத்துக்கா கோவிச்சிக்கப் போறா? கோவிக்கறதா இருந்தா அதுக்கு முந்தியே நெறைய இருக்கு அவளுக்கு.

தொரையோட காடிச் சத்தம் கேக்குது. முக்குல திரும்பிருச்சு. நீங்க அந்தப் பக்கச் சந்து வழியாப் போங்க, ரோட்டுப் பக்கம் வேணாம். வேல போச்சேன்னு நெனைக்காதீங்க, போவல. தண்ணி ஊத்தி முடிச்சு, புள்ள ஓடியாட ஆரம்பிச்சதும் வாங்க. ஒரு எடம் காலியாத்தான் இருக்கும். மருதமுத்து எடம் இல்ல, அது அவருக்கு. எம் எடம், இன்னிக்கு பாரத்துல உள்ளத எழுதப்போறேன்ல.

செமாபோக்குக்குச் சொல்லியனுப்ப வேணாம், அவரு வீட்டுக்கு நானே போறேன். பாசாருக்கே போறேன், நேர் வழியா. அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கிட்டுப் போறேன், ஆறிப்போச்சுன்னு கொற சொல்லுவாரு, சொல்லட்டும்.

போங்க அண்ணே. நில்லுங்க, ஒண்ணே ஒண்ணு. வரும்போது மூஞ்சிய வழிச்சிக்கிட்டு வாங்க, நான் பிளேடு தர்றேன், பிரிக்காதது. ...ஆனா மருதமுத்து அதெல்லாம் பாக்க மாட்டாரு. புள்ளைக்கு எப்படி இருக்குன்னுதான் கேப்பாரு. நடக்குறாளான்னு கேப்பாரு. மறைக்காமச் சொல்லிருங்க.